ஒன்பதாம் வரிசை

தவமலர் ரீச்சருக்குக் கொண்டை போட அவளுடைய புருசன் கனகரத்தினம் பழகியது பங்குனி மாதத்தில்தான். முப்பது வருசமாக உயிலங்குளத்து வயலில் நெற்கதிர் கட்டிய கை அது. அந்தக் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சு, ஒருமுறை போட்டால் களத்தில் சூடு மிதிக்கிறவரைக்கும் அவிழாது. விடிய ஐந்து மணிக்கு அவள் கதிரையில் இருப்பாள், அவர் சீப்பைப் பல்லில் கடித்தபடி பின்னால் நிற்பார். பஸ் ஐந்தரைக்கு. சாறி ஏற்கெனவே உடுத்தாகிவிட்டிருக்கும். தோளில் சட்டைப்பின் குத்துவதும் அவர் பொறுப்புத்தான். ஒருநாள் பின் காணாமல் போனபோது சாக்குத் தைக்கிற ஊசியோடு வந்து நின்ற மனிதர் அவர்.

"இறுக்காதேங்கோ. மயிர் வேரோட வருது."

"இறுக்காட்டி அரிப்புப் பாலம் தாண்ட முதல் அவிழ்ந்திடும். பிறகு பிள்ளையள் ரீச்சரைக் கண்டு பேயெண்டு ஓடுங்கள். ஆடாமல் இரும்."

அவள் ஆடாமல் இருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. அது அவளுடைய கைதான் என்றாலும், வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போகாத விருந்தாளியைப் பார்க்கிற மாதிரித்தான் கொஞ்ச நாளாக அதை அவள் பார்த்து வந்தாள்.

தோள் நோ தொடங்கியது மாசியில். முதலில் பஸ்ஸைத்தான் பழி சொன்னாள். உயிலங்குளத்தில் ஏறி, நானாட்டானில் மாறி, அருவியாற்றைக் கடந்து முசலிக் கரைக்குப் போகிற அந்த வழியில் பாதித் தூரம் பள்ளமும் புழுதியும். இருக்க இடம் கிடைக்காத நாட்களில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணித்தியாலம் தொங்கவேண்டும். தோள் உளையத்தானே செய்யும் என்று தைலம் பூசினாள், பனடோல் போட்டாள். பங்குனி பிறந்தபோது வலப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. பிறகு சட்டை போடக் கை பின்னால் போக மறுத்தது. ஒருநாள் வகுப்பில் கரும்பலகையின் மேற்பக்கத்தில் திகதி எழுதக் கையைத் தூக்கினாள், அது தோளளவில் நின்றுவிட்டது. யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அன்றைக்குத் திகதியைப் பலகையின் நடுவில் எழுதினாள். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மன்னார் ஆசுபத்திரியில் டொக்டர் கையைப் பிடித்துப் பல பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனி இருக்கோ அம்மா?" என்று கேட்டார். நாலு வருசமாக நீரிழிவு இருக்கிறது என்றாள். "சீனி உள்ள ஆக்களுக்கு இது வரும். தோள்மூட்டு இறுகிப்போச்சு. தானா இளக ஒண்டு, ஒண்டரை வருசம் எடுக்கும். நான் தாற மருந்து நோவுக்கு மட்டும். கையைத் திருப்பிக் கொண்டு வாறது உங்கட வேலை." அப்பியாசப் படங்கள் போட்ட ஒரு தாளையும் கொடுத்தார். சுவரைப் பார்த்தபடி ஒரு மனிசி நிற்பாள், குனிந்து கையைத் தொங்கவிடுவாள், கதவில் கயிறு கட்டி இழுப்பாள். தவமலர் அந்தத் தாளை நாலாக மடித்து அலுமாரியில் கூறைச் சாறிக்குக் கீழே வைத்தாள். மறந்து வைக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் வைத்தாள்.

யோசிக்க வைத்தவர் யசோதரன் சேர். அதே பஸ்ஸில் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். கல்விக் கந்தோரின் சுற்றுநிருபங்களைத் திகதியோடு ஒப்புவிக்கக்கூடியவர். "அக்கா, மூண்டு தரம் இடமாற்றம் கேட்டனீங்கள். பதிலுக்கு ஆளில்லை எண்டு மூண்டு தரமும் திருப்பினவை. இது திருப்ப ஏலாத காரணம். கரும்பலகையில எழுத ஏலாத ரீச்சரை வைச்சு அவை என்ன செய்யிறது? மெடிக்கல் போட்டுக்கு எழுதிப் போடுங்கோ" என்றார். அன்று முழுக்க அவள் தன் தோளைப் புதுக்கண்ணால் பார்த்தாள். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிசத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே போனால் விடிய மூன்றரைக்கு எழும்ப வேண்டாம். மகள் லக்சிகாவுக்கு அடுத்த வருசம் உயர்தரச் சோதனை. "அம்மா, நீங்கள் வீட்டில நிக்கிற நேரம் முழுக்க நித்திரையிலதான் நிக்கிறீங்கள்" என்று அவள் பகிடியாகத்தான் சொன்னாள், ஆனாலும் அது போய்த் தைத்த இடத்தில் இன்னும் இருந்தது. தோள் நொந்ததற்குத் தவமலர் சந்தோசப்பட்டாள். வருத்தம் வந்ததற்குச் சந்தோசப்படுகிறோமே என்று வெட்கப்பட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்தக் கிழமையே மருத்துவச் சபைக்கு விண்ணப்பத்தை எழுதி, இடது கையால் தபாற்பெட்டியில் போட்டாள்.

பள்ளிக்கூடம் இருந்தது முசலிக் கரையில், புத்தளத்திலிருந்து திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களின் ஊரில். தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கத்தால் ஒரே நாளில் வெளியேற்றப்பட்ட ஊர் அது. இருபது வருசத்துக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது வீட்டு நிலத்தில் விடத்தல் மரங்கள் கூரை உயரத்துக்கு நின்றன. அதே வருசம்தான் தவமலரின் குடும்பமும் செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து உயிலங்குளத்துக்குத் திரும்பியது. இரண்டு வருசம் கழித்து, வீட்டுக்குக் கதவு போடமுதல் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளமான மண்டபம், பக்கத்தில் ஒரு சமையல் கொட்டில். கட்ட வந்த நிறுவனத்துக்காரர்கள் சுவரைப் பூசாமலே போய்விட்டார்கள். சீமெந்துக் கல் வரிசை வரிசையாகத் தெரியும். கரும்பலகையை அடித்த மேசன் ஆறடி ஆள். அவன் தன் கண்ணுக்கு நேராகப் பார்த்து அடித்துவிட்டான். எழுதப்போகிறவர்களின் உயரத்தை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அந்தக் கொட்டிலில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற தாய்மாரில் ஒருத்தி நசீறா. மகள் நுஸ்ரியா நாலாம் வகுப்பில், தவமலரிடம்தான் படித்தாள். சித்திரையில் ஒருநாள் இடைவேளை நேரம், சோற்றுக் கிடாரத்தை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த நசீறா, வகுப்பு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தவமலர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், கை பூட்டிக்கிச்சா?"

தவமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அதற்கு இதைவிடச் சரியான சொல்லை டொக்டர்கூடச் சொல்லவில்லை என்று தோன்றியது.

"ஓம். மூண்டு மாசம்."

"எனக்கு வலது. ஆற வச்ச அடுத்த வருசம் இடது. புத்தளத்துல குழாய்த் தண்ணி வரிசையில நின்ன காலம்." நசீறா இரண்டு கைகளையும் ஒன்றாக மேலே தூக்கினாள். அவை நெற்றி உயரத்தில் நின்றுவிட்டன. முக்காடு கழன்று தோளில் விழுந்தது. "இதுக்கு மேல போகாது. கிளினிக் மிஸ் சொல்லித்தான் தந்தா, சுவத்துல ஏறு, ஏறுன்னு. நான் நோவுக்குப் பயந்து பாதில விட்டுட்டேன். பத்து வருசம். எங்க வீட்டு உடுப்புக் கொடி ஆட்டுக்குட்டிக்கு எட்டுற உசரத்துலதான் ரீச்சர் கட்டியிருக்கு. போன கிழமை என்ட புருசன் நுஃமான்ட சாரத்துல பாதி அது வயித்துல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க விடாதீங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் தவமலர் வாயெடுத்தாள். ஆனால் முதல்நாள் இரவு முழுக்க அவள் கட்டிலில் எழும்பி இருந்தே விடியவைத்தவள். நோ மட்டும் போகட்டும், கை அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். பேரம் பேசினால் தோள் கேட்கும் என்று அப்போது நம்பினாள்.

அடுத்த நாளே தொடங்கியது. நசீறா ஒரு துணிப் பொட்டலத்தில் உப்பைக் கட்டி, சோறு வேகும்போது கிடாரத்து மூடியின் மேல் வைத்துவிடுவாள். இடைவேளைக்குள் அது நன்றாகச் சூடேறிவிடும். தோளின் முன்னும் பின்னும் வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பாள். அந்தச் சூடு உள்ளே இறங்க இறங்க, மாசியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று தவமலரிடமிருந்து போகும். பிறகு மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, பாதி தண்ணீர் நிரம்பிய போத்தலை வலது கையில் தொங்கவிட வேண்டும். "நீங்க ஆட்டாதீங்க. உடம்ப ஆட்டுங்க, அது தானா ஆடட்டும். கைய மறந்துருங்க" என்பாள் நசீறா. கையை மறப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் சுவர். வகுப்பின் பக்கச் சுவருக்கு முன்னால் நின்று, ஐந்தாம் கல் வரிசையில் விரல்களை வைத்து, இரண்டு விரலால் நடத்தி நடத்தி மேலே ஏற்றவேண்டும். முதல் நாள் ஆறாம் வரிசையில் கண்ணீர் வந்தது. எட்டிய இடத்தில் இடது கையால் வெண்கட்டிக் கோடு ஒன்று போடச்சொன்னாள் நசீறா. "நாளைக்கு ஒரு விரல்கடை மேல. அவ்வளவுதான். ஆகலும் ஆசைப்படாதீங்க, நோவோட சண்டைக்கும் போகாதீங்க. நோகிற எடத்துல நின்னு ஒரு பாத்திஹா ஓதிற நேரம் பாருங்க, பொறகு எறங்குங்க." தவமலர் தேவாரத்தின் இரண்டு வரியை மனதுக்குள் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிப் போனது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டு ஓடிவந்து வரிசையாக நின்று எண்ணுவார்கள். "அஞ்சு! ஆறு! ஆறரை!" சுவரில் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறின. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு வால், "ரீச்சர் வளர்றா!" என்று கத்தியது. ஊர் முழுக்க அந்தக் கதை போனது. வைகாசி முடிய ஏழு, ஆனியில் ஏழரை. ஆடியில் எட்டாம் வரிசையைத் தொட்ட அன்று நசீறா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். சரியாக அவ்வளவுதான் அவளுக்கும் எட்டியது. "இதுதான் என்ட வீடு. நீங்க தாண்டிப் போங்க" என்றாள். அதில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் தவமலருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த இடைவேளைகளில் இருவரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். வெளியேறிய நாளில் தம்பியைத் தோளில் சுமந்து கொண்டு நடந்ததாக நசீறா ஒருமுறை சொன்னாள். "எங்கட ஆக்கள்தான்..." என்று தவமலர் தொடங்கினாள். நசீறா உப்புப் பொட்டலத்தை அழுத்திக்கொண்டே, "ரீச்சர், குனிஞ்சு நில்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. ஆனால் பின்னேரம் பஸ்ஸில் வரும்போது, விண்ணப்பத்தைப் பற்றி இவளுக்குச் சொல்லவேண்டும் என்று தவமலர் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று ஆவணி வந்தது. கை ஒன்பதாம் வரிசைக்கு வந்தது. ஒன்பதாம் வரிசை அவளுடைய தலைக்கு மேலே ஒரு சாண். நோ போய்விட்டது. கையும் வந்துவிட்டது. தோள் பேரத்துக்குச் சம்மதிக்கவே இல்லை.

புரட்டாதி இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெடிக்கல் போட்.

"வெளிப்படையா ஒண்டு சொல்லட்டே அக்கா" என்றார் யசோதரன் சேர், பஸ்ஸில் குரலைத் தாழ்த்தி. "இந்தக் கிழமை முழுக்கப் பலகையின்ர மேல்பக்கத்தில கை வையாதேங்கோ. அதிபரின்ர கடிதத்தில எழுத இயலாத நிலை எண்டு வரவேணும். அந்த மனிசன் கண்ணால காணாததை எழுதமாட்டுது."

அவள் கீழ்ப்பாதியிலேயே எழுதினாள். பங்குனியிலிருந்து செய்துவந்த காரியம்தான், புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஏலாத காலத்தில் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. கீழே எழுதினால் முன்வாங்குப் பிள்ளைகளின் தலை மறைக்கும். அதனால் பின் இரண்டு வாங்குகளும் எழும்பி நின்று, கொப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் எழுதின. நுஸ்ரியா அப்படி நிற்கிறவர்களில் ஒருத்தி. ஏழு மாசமாக நின்றே எழுதியிருக்கிறார்கள், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ரீச்சருக்குக் கை ஏலாது என்றால் பிறகு என்ன பேச்சு. தவமலர் வெண்கட்டியோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பலகையின் மேற்பாதி கறுப்பாக, சுத்தமாக, ஒரு குற்றமும் அறியாமல் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியக் கனகரத்தினம் வழக்கம்போல் பின்னால் நின்று சீவிக்கொண்டிருந்தார். அவருடைய கொண்டை இப்போது பார்க்கக்கூடியதாக இருந்தது. இரண்டு கொண்டை ஊசிகூட வாங்கி வைத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கொடியில உடுப்புக் காயப்போட்டது நீரோ?"

அவள் வலது கையை மடியில் மடக்கி வைத்தாள்.

"லக்சிகா எண்டு நினைச்சன். அவள் ரியூசனுக்குப் போயிட்டாள். நான் வயலில. அந்தக் கொடி எனக்கே எட்டிப் போடவேணும்."

"சொல்லவேணுமெண்டுதான் இருந்தனான்."

"சொல்லாட்டி என்ன." மயிரை மூன்றாகப் பிரித்தார். "வியாழக்கிழமை என்ன செய்யப்போறீர்?"

"தெரியேல்லை."

"நீர் கிட்டத்தில வந்தா எனக்குச் சந்தோசம்தான். இல்லையெண்டு சொன்னாப் பொய். ஆனா அங்க போய் நிண்டு கையைத் தூக்க ஏலாதெண்டு நடிக்கிறதைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து வைச்சிருக்க வேண்டியது நீர். அதை யோசியும்." முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார். "கொண்டையை யோசியாதேயும். எனக்கு அது பழகிப்போச்சு."

அன்று இடைவேளைக்கு நசீறா உப்புப் பொட்டலத்தோடு வந்தாள். ஒத்தடம் தேவைப்படாத தோளில் வைத்து வழக்கம்போல் ஒற்றினாள். நாலைந்து தரம் ஒற்றிய பிறகு, "வியாழக்கிழமையா ரீச்சர்?" என்று கேட்டாள்.

அதிபர் சாஹுல் ஹமீட் நல்ல மனிதர். ஆனால் ஒரு கவலையைத் தனியே வைத்திருக்கத் தெரியாதவர். கடிதத்தை எழுதி முடித்த கையோடு, சாப்பாட்டுப் பதிவில் ஒப்பமிட வந்த நசீறாவிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"ஓம்" என்றாள் தவமலர்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் உங்கட கையத் தொட்டிருக்க மாட்டேனே."

"நசீறா, நான்..."

"ஒங்களுக்கு முன்ன ரெண்டு ரீச்சர்மார். ஒராள் கலியாணம் முடிச்சுப் போனா. ஒராள் லீவுக்குப் போனவ, வரவே இல்ல. அஞ்சு மாசம் புள்ளையள் சும்மா வந்து சோறு திண்டுட்டுப் போச்சு. நீங்க மூணு வருசம் இருந்தீங்க. அதுக்கு மேல கேக்கிறதுக்கு எனக்கென்ன உரிமை இருக்கு." பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "நுஃமான் சொல்றார், ரீச்சர் போனா நுஸ்ரியாவப் புத்தளத்துல பெரியம்மாட வீட்டுல விட்டுப் படிக்க வைப்பமுன்னு. அதுவும் நல்லதுதான். அங்க பெரிய பள்ளிக்கூடம்." கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் வழுக்கியது. அதைச் சரிசெய்துகொள்வதுபோல் முக்காட்டைச் சரிசெய்தாள்.

நசீறா அடித்துவிட்டுப் போயிருந்தால் தவமலர் தாங்கியிருப்பாள்.

"கேளுங்க ரீச்சர். டொக்டர் கையத் தூக்கச் சொல்லுவார். கை வாறதுக்கு முன்ன தோள்பட்டை காதுப் பக்கம் எழும்பணும். முதுகு மத்தப் பக்கம் சாயணும். பூட்டின கை இப்புடித்தான் வரும், பாருங்க." தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்கு அதில் நடிக்க ஒன்றும் இருக்கவில்லை. "பின்னால கொண்டு போகச் சொன்னா இடுப்போட நிப்பாட்டுங்க. அவர் புடிச்சு இழுப்பார். அப்ப கத்தாதீங்க. மெய்யா நோகிற ஆள் கத்தாது, மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கும். நீங்க சித்திரையில நின்னீங்களே, அது மாதிரி."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டாள். ஒத்தடம் தொடங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக அன்று தவமலர் சுவருக்குப் போகவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டு விளையாடப் போனார்கள்.

புதன்கிழமை காலை. அருவியாற்றின் மேல் அரிப்புப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. முன்பு எல்லோரும் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறுகிற இடம். இப்போது காவலரணில் ஒரு கடற்படைக்காரன் கையசைப்பதோடு சரி. யசோதரன் சேர், "நாளையோட இந்தப் பாலத்துக்கு ஒரு கும்பிடு போடுங்கோ" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். அதிபரின் கடிதம் அவளுடைய பையில் கொப்பிகளுக்கிடையில் இருந்தது. அது பொய்க்கடிதம் இல்லை, ஏழு மாசமாகக் கரும்பலகையில் அவர் கண்ட உண்மைதான். பொய் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுவிட்டாள். பக்கச் சுவரில் கோடுகள் இல்லை. ஆறாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசைவரை தும்புத் துண்டால் தேய்த்துக் கழுவியிருந்தது. வெண்கட்டி கரைந்து, காய்ந்து, கல்லெல்லாம் நரைத்துப்போய்க் கிடந்தது.

"ஆர் அழிச்சது?"

"எங்கட உம்மா" என்றாள் நுஸ்ரியா. "நேத்துப் பள்ளிக்கூடம் விட்ட பொறகு. ஆராச்சும் வந்து இது என்னன்னு கேட்டா நாங்க சொல்லிருவமாம். எங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம்." இது ஒரு குறையா, புகழ்ச்சியா என்று தெரியாத முகத்தோடு நின்றாள். பிறகு மேலே காட்டினாள். "அது மட்டும் உம்மாவுக்கு எட்டல்ல."

ஒன்பதாம் வரிசையில் ஒற்றைக் கோடு நின்றது. ஆவணி மாதத்துக் கோடு. எட்டாம் வரிசைக்கு மேலே நசீறாவுக்குக் கை போகாது என்பது தவமலருக்குத் தெரியும். ஆனால் சுவருக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், ஒரு வாங்கு கிடந்தது. அதை இழுத்துப்போட்டு ஏறியிருந்தால் எட்டியிருக்கும். கிடாரத்தை இறக்குகிற மனிசிக்கு ஒரு வாங்கு இழுக்கத் தெரியாதா. தவமலர் வாங்கைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். சமையல் கொட்டிலில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. முதுகு காட்டி நின்று நசீறா பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். அகப்பை கிடாரத்தில் இடிபடுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

கரும்பலகை துடைக்கிற துணியை வாளித் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். இடது கையால் எடுத்தாள். இடது கைக்கு ஒன்பதாம் வரிசை ஒரு பொருட்டே இல்லை, ஒரே இழுப்பில் முடிந்துவிடும். முடிந்தால் நாளைக்கு மன்னார், அதன் பிறகு சைக்கிளில் பத்து நிமிசம். லக்சிகாவுக்குப் பக்கத்தில் இரவு ஒன்பது மணிவரை கண்விழித்து இருக்கலாம். அந்த ஆசை பொய் இல்லை. சுவருக்கு முன்னால் போய் நின்றபோதும் அது அவளோடு கூடவே வந்து நின்றது.

அவள் சுவருக்கு முன்னால் நின்றதைக் கண்டதும் பிள்ளைகள் வாங்குகளைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடிவந்தார்கள். நேற்று நடக்காதது இன்று நடக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். வழக்கமாக நிற்கிற இடங்களில் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே தொடங்கினார்கள்.

"அஞ்சு!"

தவமலர் கையைப் பார்த்தாள். வலது கை ஐந்தாம் வரிசையில் இருந்தது. எப்போது அங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கல் காலைக் குளிரில் சில்லென்று இருந்தது. இரண்டு விரல்களும் மெல்ல நடக்கத் தொடங்கின.

"ஆறு! ஏழு!"

கழுவிய இடத்தில் காய்ந்திருந்த வெள்ளைப் பொடி விரல் நுனியில் ஒட்டியது. இடது கைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சாறிக் கரையை நனைத்தது. தோளுக்குள்ளே பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு சின்ன இழுவை, அவ்வளவுதான். அவள் மூச்சைப் பிடிக்கவில்லை.

"எட்டு!"

கொட்டிலில் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது. தவமலர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் முப்பது பிள்ளைகள் அடுத்த எண்ணுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கோடு விரலுக்கு நேர் மேலே, இன்னும் ஒரு கல் தூரத்தில் இருந்தது.